அருவியில் தண்ணி விழுதா?

கொல்லத்திலிருந்து திருமங்கலம் போகும் தேசிய நெடுஞ்சாலை 744, ஆரியங்காவைக் கடந்து மலையிறங்கியதும் தமிழ்நாட்டில் காலெடுத்து வைக்கும் முதல் ஊர் புளியறை. சோதனைச்சாவடி, அதையொட்டி வரிசை கட்டி நிற்கும் லாரிகள், டீக்கடைகள், பழக்கடைகள், அவற்றுக்குப் பின்னால் வயல், வயலுக்குப் பின்னால் மலை. ரயிலில் வந்தாலும் இதே கதைதான். பக்கத்துப் பகவதிபுரம்தான் கேரளத்துக்குள் நுழையும் முன் தமிழ்நாட்டின் கடைசி நிலையம். ஆனி, ஆடியில் குற்றாலத்துக்கு இறங்கிவரும் மலையாளக் குடும்பங்கள், கார்த்திகை பிறந்ததும் ஆரியங்காவு, அச்சன்கோவில், சபரிமலை என்று எதிர்த்திசையில் ஏறும் ஐயப்ப பக்தர்கள், ஆண்டு முழுக்கக் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிப்போகும் ஓட்டுநர்கள் என்று, ஆட்களைச் சாலையே கொண்டுவந்து வாசலில் இறக்கிவிடும் ஊர் இது. இங்கும் இப்போது கடைப் பலகைகளில் தொலைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் இன்ஸ்டாகிராம் முகவரி ஏறிக்கொண்டிருக்கிறது. அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் தென்காசி, செங்கோட்டை, புளியறை வட்டாரத்தில் சமூக ஊடகம் ஏற்கெனவே சில இடங்களை உச்சிக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறது. அந்தப் புகழ் யாருக்குப் பணமானது, யாருக்குத் தொல்லையானது என்று கணக்குப் பார்த்தால், சிறு வியாபாரிகளுக்கு எல்லாரும் சொல்லும் அறிவுரை பாதிதான் சரி என்று தெரிகிறது. ‘உங்கள் கடையைக் காட்டுங்கள்’ என்கிறார்கள். காட்டுவதற்கு இந்தப் பக்கம் ஆள் பஞ்சமே இல்லை. கேட்டதற்குப் பதில் சொல்லத்தான் ஆளைக் காணோம்.

முதலில் பரோட்டா. இந்த வட்டாரத்தைப் பற்றி எழுதும் யாரும் அதைத் தாண்டிப் போய்விட முடியாது. செங்கோட்டைக்குக் கிழக்கே பிரானூரில் இருப்பவை ‘பார்டர்’ கடைகள். உண்மையான எல்லையோ மேற்கே, புளியறையைத் தாண்டி இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடு இருந்தது. அன்றைக்கு எல்லை பிரானூரில். மொழிவழி மாநிலங்கள் அமைந்து எல்லை நகர்ந்து ஏறக்குறைய 70 ஆண்டுகள் ஆகின்றன, பெயர் மட்டும் நகரவில்லை. அந்தப் பெயருக்கு மணம் சேர்த்தது மெல்லிய பரோட்டாவும், மிளகு தூக்கலான நாட்டுக்கோழியும், அருவியில் நனைந்து வந்தவர்களின் பசியும்தான். சாப்பிட்டவர் ஊருக்குப் போய்ச் சொன்னார், கேட்டவர் அடுத்த சாரலுக்கு வந்தார். யூடியூப் உணவுச் சேனல்கள் கேமராவோடு வந்து நின்றபோது அங்கே ஏற்கெனவே இடம் கிடைக்காமல் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். கூட்டம் முன்னால் வந்தது, படம் பின்னால் வந்தது. இந்த வரிசையைத் தலைகீழாகப் படித்துவிட்டு, படம் வந்தால் கூட்டம் வரும் என்று நம்புகிறவர்கள் பலர். சேனல்களால் நடந்த ஒன்று உண்டு: ‘பார்டர்’ என்ற சொல் தமிழ்நாடு முழுக்கப் பரவியது. மாநில எல்லையையே பார்த்திராத ஊர்களில்கூட இன்று பார்டர் பரோட்டாக் கடை இருக்கிறது. இடத்தைக் குறிக்கும் ஒரு பொதுச்சொல்லைத் தனக்கே உரியதென்று ஒருவர் வணிகக்குறிச் சட்டத்தில் பதிவுசெய்வது எளிதில்லை. ஆக, ஊடகம் வளர்த்தது பெயரை. அதை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். கல்லின் சூட்டையும் கைப்பக்குவத்தையும்தான் அப்படி எழுதிக்கொள்ள முடியவில்லை.

அடுத்தது ‘பிரைவேட் ஃபால்ஸ்’. குண்டாறு அணைப் பக்கமும் மேக்கரைப் பக்கமும் மலையடிவாரத் தோப்புகளில் விடுதி கட்டியவர்கள், தங்குபவர்களுக்கு மட்டும் தனி அருவி என்று விளம்பரம் செய்தார்கள். இந்த ஒரு சொல் சமூக ஊடகத்தில் பிடித்த தீ வேறெந்த விளம்பரத்துக்கும் இந்த மாவட்டத்தில் பிடித்ததில்லை எனலாம். அதற்குக் காரணமும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. பேரருவியிலும் ஐந்தருவியிலும் சீசன் ஞாயிற்றுக்கிழமையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு குளிப்பது ஒரு போராட்டம். ஈரத்துணியோடு பெண்கள் நிம்மதியாக நிற்க இடமில்லை. மலையில் மழை கூடினால் குளிக்கத் தடை. முந்நூறு கிலோமீட்டர் வண்டியோட்டி வந்தவர் சாலையில் நின்று அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். கூட்டமில்லாத குளியல் என்பது நியாயமான ஆசை, அதற்குப் பணம் கொடுக்கவும் ஆள் இருந்தது. ஆனால் விற்கப்பட்ட சரக்கு எது? மலையிலிருந்து இறங்கும் ஓடை. அது விடுதிக்காரரின் கிணற்றுத் தண்ணீர் கிடையாது. கீழே வாய்க்காலையும் குளத்தையும் வயலையும் நோக்கிப் போகிற பொதுத் தண்ணீர். 2022 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இயற்கையான நீரோட்டத்தைத் திருப்பிச் செயற்கை அருவி உண்டாக்கிய தனியார் விடுதிகளை ஆய்வுசெய்யக் குழு அமைக்கும்படியும், தவறிழைத்தவற்றின் மேல் நடவடிக்கை எடுக்கும்படியும் உத்தரவிட்டது. தென்காசி மட்டுமின்றி மலையை ஒட்டிய மற்ற மாவட்டங்களும் அந்த உத்தரவுக்குள் வந்தன.

இதைச் சுற்றுச்சூழல் வழக்காக மட்டும் படித்துவிட்டுப் போய்விடுகிறோம். வியாபாரப் பாடமாகவும் படிக்கலாம். ஒருவர் தோப்பில் ஓடை இருக்கிறது. அதன் ஓரத்தில் நாலு அறை கட்டினார், படம் போட்டார், ஆள் வந்தது. பக்கத்துத் தோப்புக்காரருக்கு ஓடை சற்று ஒல்லி, படத்தில் எடுபடாது. எனவே குழாய் வைத்துத் தண்ணீரை மேலேற்றிப் பாறைமேல் விழவைப்பது அவருக்குத் தேவையாகிறது. அதைப் பார்த்தபின் முதலாமவருக்குத் தன் இயற்கை ஓடை போதாமல் போகிறது. அறை சுத்தமா, சாப்பாடு சூடா, இரவில் மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்பதில் நடக்க வேண்டிய போட்டி, பதினைந்து விநாடிப் படத்தில் எது அதிகம் கொட்டுகிறது என்பதில் நடக்கிறது. கேமராவுக்காகச் சரக்கையே மாற்றத் தொடங்குவது இந்த வகை விளம்பரத்தின் இயல்பான போக்கு. தட்டுக்கு அடங்காத இறைச்சி, குடம் அளவு கிளாஸில் ஜூஸ், வழிந்து ஓடும் வெண்ணெய் என்று எல்லா ஊர்க் கடைகளிலும் இதைப் பார்க்கலாம். அங்கே வீணாவது வெண்ணெய், இங்கே வீணானது ஓடை. இன்னொன்றும் உண்டு. விதியை மீறிய தொழிலை ஒளித்துச் செய்வார்கள் என்பதுதான் வழக்கம். இங்கே மீறலைத் தாங்களே படமெடுத்து, இடத்தின் பெயரும் வரைபடமும் சேர்த்து, உலகம் பார்க்க ஏற்றிவைத்தார்கள்.

சுந்தரபாண்டியபுரத்துச் சூரியகாந்திக் கதை இவ்வளவு கசப்பானது இல்லை, ஆனால் அதுவும் யோசிக்கவைக்கிறது. ‘ரோஜா’ காலத்திலிருந்தே சினிமாக்காரர்கள் அறிந்த ஊர் அது. பக்கத்தில் ‘அந்நியன்’ படத்துக்காக நடிகர்கள் முகம் வரைந்த பாறை இன்றும் பார்வைக்குரிய இடம். ஆடி மாதத்தில் அந்தப் பக்கத்து வயல்களில் சூரியகாந்தி பூத்தால் கேரளத்திலிருந்து கார் காராக வந்து இறங்குகிறார்கள். எல்லாம் ரீல்ஸ் செய்த வேலை. செடியை மிதிக்கிறார்கள், பூவை ஒடிக்கிறார்கள் என்று நொந்த விவசாயிகள் சிலர் கயிறு கட்டி நுழைவுக்குக் காசு வாங்கத் தொடங்கினார்கள். சாமர்த்தியமான காரியம்தான். ஆனாலும் கணக்கைப் பாருங்கள். படம் போட்டவருக்கு லட்சக்கணக்கில் பார்வை. வழியில் இளநீர், டீ விற்றவர்களுக்கு நல்ல யாவாரம். உழுது விதைத்துத் தண்ணீர் பாய்ச்சியவருக்குச் சில்லறை நுழைவுக் கட்டணமும், மிதிபட்ட வரப்பும். பூ முற்றி விதையாகி மூட்டை ஏறும்போது மண்டியில் கிடைக்கும் விலை, படமே எடுக்கப்படாத வயலின் விதைக்குக் கிடைக்கும் அதே விலை. வயலில் நின்று போட்டோ எடுத்த அத்தனை பேர் வீட்டிலும் சமையலுக்கு எண்ணெய் வாங்குகிறார்கள். ‘இந்த வயலின் விதை எண்ணெயாகும், வேண்டுமென்றால் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்’ என்று ஒரு நோட்டுப் புத்தகத்தை அந்தக் கயிற்றோரம் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? பத்தில் ஒருவர் எழுதியிருந்தாலும், பூ உதிர்ந்த பிறகும் அந்த விவசாயியிடம் ஏதோ மிஞ்சியிருக்கும்.

வேடிக்கை பார்க்க வருகிறவரும் வாங்க வருகிறவரும் வேறு வேறு என்பதைத் தளங்களின் முதலாளிகள் நன்றாக அறிவார்கள். பார்ப்பவர் திரையைவிட்டுக் கண்ணை எடுக்காதவரைதான் இன்ஸ்டாகிராமுக்கும் யூடியூபுக்கும் வருமானம். அவர் போனைப் பையில் போட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு, புளியறையில் வந்து இறங்கினால்தான் கடைக்காரருக்கு வருமானம். ஒருவர் லாபம் இருக்கவைப்பதில், மற்றவர் லாபம் எழவைப்பதில். இந்த முரண்பாட்டை உள்ளே வைத்துக்கொண்டுதான் ‘உங்கள் வியாபாரத்தை வளர்க்கிறோம்’ என்று தளங்கள் அழைக்கின்றன. துபாயிலும் சிங்கப்பூரிலும் ஊர்நினைவில் பார்த்து லைக் போட்டவர்களால் பார்வைக் கணக்கு ஏறும், கல்லாவில் ஒன்றும் ஏறாது. நாற்பது பேர் உட்காரும் கடைக்கு நாற்பதாயிரம் பார்வையாளர் எதற்கு என்று கேட்டால் சிரிப்பார்கள்; ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. ஒரே சனிக்கிழமையில் நானூறு பேர் வந்துவிட்டால், நாலு மாஸ்டர் வேலையை இரண்டு மாஸ்டர் செய்ய, பரோட்டா வேகாமல் இலைக்கு வர, அன்றைக்கு எழுதப்படும் மோசமான விமர்சனங்கள் அடுத்த ஆண்டும் கடைப் பெயருக்குக் கீழே நிற்கும்.

இணையத்தில் நாம் கடை விரித்த இடம்கூட நம்முடையது கிடையாது. 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், நண்பர்கள் குடும்பத்தார் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று அறிவித்தபோது, வியாபாரப் பக்கங்களைப் பின்தொடர்ந்தவர்களுக்கே அந்தப் பக்கங்களின் பதிவுகள் போய்ச்சேருவது குறைந்தது. சேரவேண்டுமானால் காசு கட்டு என்ற நிலை இறுகியது. 2020 ஜூன் 29 அன்று இந்திய அரசு 59 சீனச் செயலிகளைத் தடைசெய்தது. டிக்டாக்கில் ஆண்டுக்கணக்காகச் சேர்த்த கூட்டத்தைத் தமிழ்நாட்டுக் கிராமத்து ஆட்கள் எத்தனையோ பேர் ஒரே இரவில் இழந்தார்கள். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சேர்ந்து ஆறு மணிநேரம் முடங்கின. குற்றாலத்தில் சீசன் கடை ஏலம் எடுப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. வேறொருவர் இடத்தில், அவர் வைத்த நாளுக்கு, அவர் வைத்த விலைக்குக் கடை போடுவது அவர்களுக்குப் பழக்கம். அவர்கள் செய்கிற ஒன்றைத்தான் இணையத்தில் கடை போட்டவர்கள் செய்வதில்லை: சீசன் முடிந்து கொட்டகையைப் பிரிக்கும்போது, மொத்தமாகச் சரக்கு வாங்கியவர்களின் நம்பரை அவர்கள் எழுதி வைத்திருப்பார்கள்.

அப்படியானால் என்ன போடுவது என்று கேட்கலாம். இந்த வட்டாரத்தில் சீசன் நாளில் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி எதுவோ அதிலிருந்து தொடங்கலாம். ‘அருவியில் தண்ணி விழுதா, குளிக்க விடுறாங்களா?’ 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து, பதினேழு வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்தார். மக்கள் படிகளில் அலறி ஓடும் காட்சி நாடு முழுக்கப் பார்க்கப்பட்டது. அதற்குப் பிறகு அந்தக் கேள்விக்கு எடை கூடிவிட்டது. வெறும் ஏமாற்றத்தைத் தவிர்ப்பதற்கான கேள்வியாக இருந்தது, உயிரைப் பற்றிய கேள்வியும் ஆனது. எந்த அருவியில் இன்று எவ்வளவு தண்ணீர், எங்கே தடை, எப்போது விலக்கினார்கள் என்று அன்றாடம் காலையில் படத்தோடு போடும் உள்ளூர்ப் பக்கங்களைக் கவனியுங்கள். அவற்றின் படங்களில் அழகு கிடையாது. பாதி நேரம் கேமராவில் சாரல் படிந்திருக்கும். ஆனாலும் புறப்படுவதற்கு முன் ஆயிரக்கணக்கானோர் அவற்றைத்தான் திறந்து பார்க்கிறார்கள். நிலவரம் சொல்பவர் நம்பிக்கைக்கு உரியவராகிவிட்டால், ‘அங்கே எங்கே சாப்பிடலாம்’ என்பதையும் அவரிடமே கேட்பார்கள். இந்த மாவட்டத்தில் சமூக ஊடக விளம்பரத்துக்கு இதைவிடத் தெளிவான பாடம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அந்தப் பக்கங்களை நடத்துகிறவர்கள் பெரும்பாலும் எதையும் விற்பவர்களாக இல்லை என்பதுதான் விந்தை.

புளியறையில் ஒரு சாப்பாட்டுக் கடைக்காரர் அதே வழியில் என்னவெல்லாம் சொல்லலாம்? சோதனைச்சாவடியில் லாரி நெரிசல் எதுவரை நிற்கிறது. மலைப்பாதையில் மூடுபனி இறங்கிவிட்டதா. கடையில் பெண்கள் உபயோகிக்கும்படி கழிப்பறை இருக்கிறதா, தண்ணீர் வருகிறதா. ஐம்பது பேர் வரும் பேருந்தை நிறுத்த இடம் உண்டா. மாலை போட்டவர்களுக்குத் தனி அடுப்பில் சமைக்கிறார்களா. இரவு பதினோரு மணிக்கு அடுப்பு எரியுமா. இவற்றை மலையாளத்திலும் சொல்ல வேண்டும். வாடிக்கையாளரில் பெரும்பகுதியினர் அந்த மொழியில் தேடுபவர்கள், அதைப் பேசத் தெரியாதவர் இந்தச் சாலையில் கடை வைப்பதும் அரிது. இதில் எதற்கும் ட்ரோன் வேண்டாம், பின்னணி இசை வேண்டாம். பஞ்சு மிட்டாய் நிறத்தில் எழுத்துகள் துள்ள வேண்டியதும் இல்லை.

விலையையும் சொல்ல வேண்டும். இணையத்தில் விற்கும் நம்மவர்களிடம் ஒரு வியாதி பரவியிருக்கிறது. பொருளைப் படம் போடுவார்கள், கீழே யாராவது ‘விலை என்ன’ என்று கேட்டால் ‘இன்பாக்ஸ் வாங்க’ என்பார்கள். அப்படி அழைத்தால் பேச்சுக் கொடுத்து விற்றுவிடலாம் என்பது உத்தி. விடுதிக்காரர்களும் அப்படித்தான்: சீசனுக்கு ஒரு விலை, சனி ஞாயிறுக்கு ஒரு விலை, வண்டியின் பதிவெண்ணைப் பார்த்து ஒரு விலை. தேவை கூடும்போது விலை கூடுவது இயல்பு, அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் மறைத்து வைக்கப்பட்ட விலை கேட்பவரிடம் ஒரே ஒரு சேதியைத்தான் சொல்கிறது: உன் முகத்தைப் பார்த்து முடிவு செய்வோம். பிள்ளைகளோடு வரும் நடுத்தரக் குடும்பம் அந்தச் சேதியைச் சரியாகப் புரிந்துகொண்டு அடுத்த பக்கத்துக்கு நகர்ந்துவிடும். சாரல் காலத்தில் இவ்வளவு, மற்ற நாளில் இவ்வளவு என்று எழுதி ஒட்டியவரின் விலை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் அங்கே போய்த் தங்குவார்கள்.

காட்டுவதைவிடப் பதில் சொல்வதே முக்கியம் என்பதற்கு எதிராக முதலில் சொல்லப்படுவது, புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தின் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’. 2018-இல் தொடங்கி, 2021-இல் ஒரு கோடி சந்தாதாரர்களை எட்டிய முதல் தமிழ் யூடியூப் சேனல் ஆனது. வெறும் காட்சிதான், கிராமத்தார் அதில் வாழ்ந்து காட்டவில்லையா என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அவர்கள் உணவு விற்கும் வியாபாரிகள் இல்லை. அவர்களுக்குப் படமே சரக்கு; பார்ப்பவர் பார்த்துக்கொண்டே இருந்தால் பணம். அவர்கள் நலனும் தளத்தின் நலனும் ஒரே பக்கம் இழுக்கின்றன. பரோட்டாவும் அறையும் பலாப்பழமும் விற்பவர் அவர்களைப் பின்பற்றினால், தெரியாமலே தொழிலை மாற்றிக்கொண்டு, மாற்றிக்கொண்ட தொழிலில் போட்டியிட ஒரு கோடிப் பேரைச் சேர்த்தவர்களுக்கு எதிரே போய் நிற்கிறார்.

இரண்டாவது ஆட்சேபம் இன்னும் கனமானது. இது வழிப்போக்கர் வியாபாரம்; ஒருமுறை இறங்கி டீ குடித்துவிட்டுப் போகிறவரிடம் உறவு வளர்த்து என்ன பயன், கண்ணில் படுவதுதான் முக்கியம் என்பார்கள். சாலையைச் சற்று உற்றுப்பார்த்தால் வழிப்போக்கர்கள் திரும்பத் திரும்ப வருவது தெரியும். லாரி ஓட்டுநர் வாரத்துக்கு இரண்டு முறை கடக்கிறார். புனலூர்க்காரருக்குத் தென்காசி, கொல்லம் நகரத்தைப் போலவே பக்கத்து ஊர். துணிக்கும் மளிகைக்கும் வருகிறார். குருசாமிகள் ஆண்டுதோறும் அதே நாளில், அதே வழியில், அதே இடத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள். ஒரு குருசாமி ஒரு கடையில் திருப்தியாகச் சாப்பிட்டுவிட்டால் அவர் பின்னால் இருபது வருடத்துக்கு ஒரு பேருந்து வரும். இவர்களுக்குக் கடை கண்ணில் பட வேண்டிய தேவை இல்லை, ஏற்கெனவே தெரியும். இன்று திறந்திருக்கிறதா, முன்கூட்டிச் சொல்லி வைக்கலாமா என்பதுதான் தெரியவேண்டும். கடையைக் கண்ணில் படவைக்க நெடுஞ்சாலைப் பலகையே போதும்.

நேரம் எங்கே இருக்கிறது என்பது மூன்றாவது. நாள் முழுக்க அடுப்படியில் நிற்பவர் போனை எப்போது பார்ப்பது? உண்மையில் காட்டும் வேலைதான் நேரம் தின்பது. பதில் சொல்வது அவ்வளவு தின்பதில்லை. கூகுள் வரைபடத்தில் கடையைச் சரியான இடத்தில் பதிந்து, நேரத்தையும் விடுமுறையையும் எழுதிவைப்பது ஒரு மதியவேளை வேலை. 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் விலைப்பட்டியலை ஏற்றி, வழக்கமான கேள்விகளுக்குத் தானாகப் பதில் போகும்படி செய்துவிடலாம். மாதச் சந்தா கிடையாது. புளியறையிலிருந்து அதிக தூரமில்லாத மத்தளம்பாறையில் இருந்துகொண்டு ஸோஹோ நிறுவனம் உலகத்துக்கு விற்கிற பொருள்களில் ‘ஸோஹோ டெஸ்க்’ ஒன்று. தென்காசி அலுவலகத்தில் உருவான அந்த மென்பொருளின் வேலை, வாடிக்கையாளர் கேட்டதற்கும் புகார் சொன்னதற்கும் விடுபடாமல் பதில் போவதைப் பார்த்துக்கொள்வது. அமெரிக்கக் கம்பெனிகள் அதற்குக் காசு கொடுக்கின்றன. நம் ஊர்க் கடைக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டாம். மகனோ மகளோ மாலையில் அரைமணி நேரம் உட்கார்ந்தால் நடக்கும்.

ஒரு விதிவிலக்கை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். பார்சலில் போகக்கூடிய பொருள் விற்பவருக்குக் காட்சி நிஜமாகவே உதவுகிறது. புளியங்குடி எலுமிச்சைக்கு 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த எலுமிச்சையில் ஊறுகாய் போடும் வீட்டுப் பெண்ணுக்கு நாற்பது நாற்காலி என்ற வரம்பு கிடையாது, சென்னையில் பார்ப்பவரும் வாடிக்கையாளர்தான். பழம் அறுக்கும் படமும் வெயிலில் காயும் படமும் அவருக்குப் பயன் தரும். ஆனால் முகம் தெரியாதவரிடம் சாப்பிடும் பொருள் வாங்குகிறவர் இரண்டாம் முறை பார்ப்பது உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவெண்ணையும், போட்ட தேதியையும், பாட்டில் உடைந்து வந்தால் என்ன செய்வார்கள் என்பதையும். அந்த இடத்தில் மறுபடியும் பதில் சொல்வதில்தான் வந்து நிற்கிறோம்.

காசு கொடுத்துப் புகழவைக்கும் ‘இன்ஃப்ளூயன்சர்’ வழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. இலவச அறை, இலவசச் சாப்பாடு, கையில் கொஞ்சம் பணம். பதிலுக்கு ‘மக்களே, வேற லெவல்’ என்று ஒரு படம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய்வரை அபராதம், திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம்வரை. பரிந்துரைத்தவரும் தப்ப முடியாது. வாங்கியது பணமோ இலவசத் தங்கலோ, அதைப் பார்ப்பவருக்குப் புரியும்படி, விளம்பரத்தின் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. நம் பக்கத்துப் படங்களில் அந்த ஒரு வரியைத் தேடிப்பாருங்கள். குற்றாலத்துக்கு இந்தக் கலை புதிதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். குறவஞ்சிப் பாட்டில் குறத்தியை மலைவளம் சொல்லவைத்த மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயருக்கு, மதுரை நாயக்க மன்னர் முத்துவிஜயரங்க சொக்கநாதர் நிலம் கொடுத்தார். அதற்குக் குறவஞ்சிமேடு என்றே பெயர். கொடுத்தது எல்லாருக்கும் தெரியும்படி கொடுக்கப்பட்டது, பாட்டு முடிந்த பிறகு கொடுக்கப்பட்டது. குறத்தி அளந்ததில் மிகை உண்டுதான், ஆனால் அவள் விற்க வந்த அறை எதுவும் இல்லை.

புளியறையிலேயே இன்னொரு பெரிய கூட்டம் உண்டு. இங்குள்ள தட்சிணாமூர்த்தி சன்னிதி குருத்தலமாகப் பேர்பெற்றது. வியாழக்கிழமைகளிலும் குருப்பெயர்ச்சியின்போதும் வெளியூர் வண்டிகள் நிறைய வரும். கோயில் வாசலில் பூவும் கொண்டைக்கடலை மாலையும் விற்பவர்களுக்கு அன்றைக்குத்தான் பிழைப்பு. மதுரையிலிருந்து கிளம்புகிறவருக்கு வேண்டியதெல்லாம் மதியம் நடை எப்போது சாத்துவார்கள், மாலையில் எப்போது திறப்பார்கள், மாலை கட்டிவைக்க முந்தின நாள் சொல்ல ஒரு நம்பர். அதைத் தேடி அவர் போனைத் தட்டினால் முதலில் வந்து விழுவது, வயலுக்கு மேலே பறந்து கோயிலைச் சுற்றிச் சுற்றி எடுத்த ட்ரோன் படம்.